எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?

எங்கள் தலைமுறைக் குமாஸ்தாக்களுக்கு ரெமிங்டன் என்றால் தட்டச்சு இயந்திரம்தான். அதே பெயரில் துப்பாக்கி உண்டு என்று சொன்னால் இன்றும் சில நண்பர்கள் நம்புவதில்லை. உண்மையில் துப்பாக்கிதான் மூத்தது. 1816இல் நியூயார்க் மாநிலத்தில் எலிஃபலெட் ரெமிங்டன் என்பவர் துப்பாக்கித் தொழிலைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கி வியாபாரம் படுத்த பிறகு, 1873இல்தான் அந்தக் கம்பெனி தட்டச்சு இயந்திரம் செய்தது. 1886இல் அந்தப் பிரிவை விற்றும் விட்டது. நாம் விரல் தேய அடித்தது துப்பாக்கிக்காரர்கள் கைகழுவிய பொருளைத்தான்!

வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுடாத நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஆயுத உரிமப் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தயாரிப்பாளர் பெயரையும் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வாங்கிய சேன்த் எத்தியேன் இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பழைய குடும்பத்தார் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவருவார்கள். பின்னாளில் வங்கிக் காவலர்கள் கையில் வேறொரு வகை வரத் தொடங்கியது. அதுதான் பம்ப் ஆக்‌ஷன். நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் 12 போர் பம்ப் துப்பாக்கி செய்கிறார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதன் பெயர் 'ஃபுஸி அ பொம்ப்'. பொம்ப் என்றால் தெருவில் தண்ணீர் அடித்தோமே, அதே பம்புதான். பெயர் பொருத்தமானது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் வரிசையாக நிற்கும். குழலின் முன்பகுதியைப் பிடிக்கும் கட்டை நகரக்கூடியது. சுட்ட பிறகு அந்தக் கட்டையைப் பின்னால் இழுத்தால் பூட்டு திறந்து, காலித் தோட்டா வெளியே தெறிக்கும். உள்ளே சுத்தியலும் ஏறிக்கொள்ளும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

12 போர் என்கிறோமே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அடங்குமோ அது 12 போர். சுமார் 18.5 மில்லிமீட்டர். ஆகவே 20 போர் என்பது 12ஐவிடச் சிறியது. எண் பெரிதானால் துளை சிறிது. இதை விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டை வற்றியிருக்கிறது.

இவற்றில் எது தரமானது, எதை நம்பலாம் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அமெரிக்காவில். மகள் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே ஆறு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது எண்பது வயது. இயந்திரக் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார் கியூபெக்கிலிருந்து வந்தவராம். நான் பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சு தெரியும் என்று கேள்விப்பட்டதும் வேலி ஓரமாக வந்து நின்று, "பொன்ழூர், முசியே!" என்றார். அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. என்னுடையது பள்ளிப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல இருக்கிறது என்று அவர் சிரித்தார். ஆறு மாதமும் இருவரும் 'வூ' போட்டு மரியாதையாகவே பேசிக்கொண்டோம். 'து'வுக்கு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. அவரோடு முதல் முறையாக வாத்து வேட்டைக்கு வரப்போகிறாள். அவளுக்கு எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது? குழந்தை இடக்கைக்காரி. பெரியவருடைய தகப்பனார் விட்டுப்போன வின்செஸ்டர் மாடல் 12 ஒன்றும், அவரே இளவயதில் வாங்கிய ரெமிங்டன் 870 ஒன்றும் வீட்டில் இருந்தன. தகப்பனாரின் துப்பாக்கி பேத்தி கைக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. பல சாயங்காலங்கள் நிலவறையில் அவற்றைப் பிரித்துப் போட்டு எனக்கு விளக்கினார். எனக்கு விளக்கினாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

முதலில் வின்செஸ்டர். நியூ ஹேவன் நகரத்துக் கம்பெனி. ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்த 1897 மாடல்தான் உலகில் பெரும் வெற்றி கண்ட முதல் பம்ப் துப்பாக்கி. பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அதைப் பதுங்குகுழிகளுக்குள் கொண்டுபோனபோது, ஜெர்மனி 1918இல் அதிகாரபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தது. அதற்குப் பின் 1912இல் வந்தது மாடல் 12. சுத்தியல் வெளியே தெரியாது. இரும்பைக் காய்ச்சி அடித்து, ஒவ்வொரு பாகத்தையும் கடைந்து, உராய்ந்து பொருத்திய வேலை. பெரியவர் அதன் கட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் காட்டினார். எண்ணெயில் விரல் ஓடுவது போல ஓடியது. நூறு வருடத்துப் பழைய பொருள் என்றால் நம்ப முடியாது.

அவ்வளவு நல்ல துப்பாக்கியை ஏன் நிறுத்தினார்கள்? செய்யும் கூலி கட்டவில்லை. சுமார் இருபது லட்சம் விற்ற பிறகு, 1964 வாக்கில் வழக்கமான உற்பத்தி நின்றது. அதைக் கொன்றது ரெமிங்டன் 870.

870 வெளிவந்தது 1950இல். அதன் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்றால், எதில் செலவு செய்யவேண்டும், எதில் வேண்டாம் என்று கணக்குப் போட்டதில். உடலை முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களில் பலவற்றைத் தகட்டில் அச்சடித்து எடுத்தார்கள். உராய்ந்து பொருத்தும் தொழிலாளி தேவையில்லை. எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். கட்டையையும் பூட்டையும் இணைக்க ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகள் வைத்தார்கள். அதனால் இழுக்கும்போது ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிக்குவதில்லை. பூட்டு நேராகக் குழலின் நீட்சியிலேயே போய் மாட்டுகிறது. வெடியின் அழுத்தம் உடலுக்கு வராது. முன்னால் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் குழல் கையோடு வந்துவிடும். வேறு குழல் மாட்டிக்கொள்ளலாம். போலீஸ்காரரும் வேட்டைக்காரரும் விவசாயியும் ஒரே துப்பாக்கியை வாங்கினார்கள். ஒரு கோடிக்கு மேல் விற்ற கதை இதுதான்.

ஆனால் '870' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கலாமா? இங்கேதான் சூட்சுமம். பழைய 'விங்மாஸ்டர்' வகையில் பளபளப்பான நீல மெருகும் வாதுமை மரக் கட்டையும் இருக்கும். 1987இல் 'எக்ஸ்பிரஸ்' என்ற மலிவுப் பதிப்பு வந்தது. இயங்கும் முறை அதேதான். மேல் மெருகு சொரசொரப்பான மட்டமான பூச்சு. அது சீக்கிரம் துருப்பிடிக்கிறது, தோட்டா உட்காரும் அறையின் உட்புறம் சரியாக வழவழப்பாக்கப்படாததால் மலிவுத் தோட்டாக்களின் காலிக்கூடு ஒட்டிக்கொள்கிறது என்ற புகார்கள் பிற்காலத்தில் பரவலாக எழுந்தன. 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனம் ரெமிங்டனை வாங்கியது. 2018இலும் 2020இலும் கம்பெனி திவால் மனு கொடுத்தது. துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1816இல் தொடங்கிய தொழிலின் தாய்வீடான இலியன் ஊர்த் தொழிற்சாலையும் 2024இல் மூடப்பட்டது. ஆகவே 870 நல்ல துப்பாக்கியா என்று கேட்டால், எந்த வருடத்து 870 என்று திருப்பிக் கேட்கவேண்டும். எங்கள் பதிவேட்டில் தயாரிப்பாளர் பெயருக்குக் கட்டம் உண்டு, தயாரித்த வருடத்துக்குக் கட்டம் கிடையாது. அது ஒரு குறைதான் என்று அப்போது தோன்றியது.

போட்டியாளர் மாஸ்பெர்க் 500. ஆஸ்கர் மாஸ்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1919இல் நியூ ஹேவனில் தொடங்கிய கம்பெனி. இன்றும் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. 500 மாடல் 1960களின் தொடக்கத்தில் ஏழை வேட்டைக்காரனுக்காக வந்தது. உடல் அலுமினியக் கலவை. எஃகுப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் இதிலும் பூட்டு குழலின் நீட்சியில்தான் மாட்டுகிறது. அழுத்தம் முழுவதையும் எஃகுதான் தாங்குகிறது. அலுமினியம் வெறும் உறைதான். உறை துருப்பிடிக்காது, எடையும் குறைவு. காலிக்கூட்டை இழுக்க 870இல் ஒரு கொக்கி, இதில் இரண்டு. 870இல் தோட்டா போடும்போது தூக்கும் தகடு கட்டைவிரலைக் கடிக்கும். இதில் அந்தத் தகடு மேலே ஒதுங்கி நிற்கும். குறை என்னவென்றால் கையில் எடுத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும். கட்டை கொஞ்சம் ஆடும். சாதாரண 500இல் பாதுகாப்புப் பொத்தானும் விசைக்காப்பும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கை உலோகமாக மாற்றி, குழலைத் தடிமனாக்கிய 590ஏ1 என்ற வகையை அமெரிக்க ராணுவம் ஏற்றது. ராணுவத்தின் சோதனையில் 3000 முழுவேகத் தோட்டாக்களைச் சுட்டுக் காட்டவேண்டும்.

"சத்தம் போடுகிற துப்பாக்கியில் இடைவெளி அதிகம். மண்ணும் சேறும் புகுந்தாலும் ஓடும். இறுக்கமாகப் பொருத்தியது அழகாக ஓடும், ஆனால் சுத்தம் கேட்கும்" என்றார் பெரியவர். வாழ்நாளெல்லாம் இறுக்கமாகப் பொருத்தியே சம்பாதித்தவர் வாயிலிருந்து இது வந்ததால் எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை உண்டானது.

இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். இத்தாக்கா 37 என்பது 1937இல் வந்தது. இதற்கும் மூலம் பிரௌனிங்தான். தோட்டா போவதும் காலிக்கூடு விழுவதும் அடிப்பக்கத்து வாய் ஒன்றின் வழியாகவே. பக்கத்தில் துளை இல்லாததால் மழையும் தூசும் உள்ளே போவது குறைவு. இடக்கைக்காரர் முகத்துக்கு எதிரே கூடு பறக்காது. இத்தாலியின் பெனெல்லி நோவா 1999இல் வந்தது. எஃகுச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக்கை வார்த்து, கட்டையும் உடலும் ஒரே துண்டாகச் செய்தார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் உப்புக்காற்றுக்கும் சேற்றுக்கும் அஞ்சாதது என்று பெயர் வாங்கியிருக்கிறது.

சரி, நம்பகம் என்றால் என்ன? பிரெஞ்சில் 'ஃபியாபிலிதே' என்பார்கள். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வெடியின் வாயுவையோ உதைப்பையோ நம்பி ஓடுகின்றன. தோட்டா பலவீனமாக இருந்தால் நின்றுவிடும். பம்ப் துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை. அது மனிதக் கையை நம்பி ஓடுகிறது. ஆனால் கையும் தவறும். பதற்றத்தில் கட்டையை முழுக்க இழுக்காமல் பாதியில் தள்ளிவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. விசையை அழுத்தினால் வெறும் 'டிக்' சத்தம்தான் கேட்கும். நல்ல நிலையில் உள்ள பம்ப் துப்பாக்கி சிக்கினால், பெரும்பாலும் குற்றம் பொறியில் இல்லை, பயிற்சியில்தான் இருக்கிறது.

இது பாதிதான். சுடவேண்டிய நேரத்தில் சுடுவது ஒரு பாதி. சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பது மறுபாதி. என் மேசைக்கு வந்த ஒரு கோப்பை நான் மறக்கவில்லை. ஒரு வங்கிக் காவலர் பணி முடிந்து துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார். அது சரிந்து விழுந்து வெடித்தது. ரவை பக்கத்து அறையின் கதவைத் துளைத்தது. ஒரு நிமிடம் முன்புவரை அங்கே துப்புரவுப் பணி செய்யும் அம்மாள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காவலர் கொடுத்த வாக்குமூலத்தில், பாதுகாப்புப் பொத்தானைப் போட்டுத்தான் வைத்தேன் என்று இருந்தது. அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை என்று பெரியவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பொத்தான் விசையை மட்டும்தான் தடுக்கிறது. பலமாக விழுந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு அது ஜவாப்தாரி அல்ல. குழலின் அறை காலியாக இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. தோட்டாக்கள் கீழ்க்குழாயில் இருக்கட்டும், அறைக்குள் இருக்கக்கூடாது.

பழைய மாடல்களில் இன்னொரு குணமும் உண்டு. 1897, மாடல் 12, முந்தைய காலத்து இத்தாக்கா 37 ஆகியவற்றில் விசையை அழுத்திப் பிடித்தபடியே கட்டையை முன்னால் தள்ளினால், பூட்டு மூடியவுடன் வெடித்துவிடும். பதுங்குகுழிச் சிப்பாய்க்கு அது வசதி. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு? 870இலும் மாஸ்பெர்க்கிலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விரலை எடுத்து மீண்டும் அழுத்தினால்தான் வெடிக்கும்.

பெரியவர் ஆசைக்கு முதல் தடை இது. இரண்டாவது தடை ஈயம். ஏரிப் படுகையில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் கல் என்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன என்பதால், நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991இல் அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டது. இப்போது எஃகு ரவை. ஈயம் மெத்தென்று நெளிந்து கொடுக்கும், எஃகு நெளியாது. பழைய குழல்களின் வாய் ஈயத்துக்கென்று இறுக்கமாகக் குறுக்கப்பட்டது. அதன் வழியாக எஃகு போனால் குழல் வீங்கிக் கெடும். 870க்கு வேறு குழல் வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் அதன் பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கிறது. வலக்கை ஆள்காட்டி விரலுக்கென்று வைத்தது. இடக்கைக்காரிக்கு வசதிப்படாது. 12 போரின் உதையும் குழந்தையின் தோளுக்கு அதிகம்.

கடைசியில் அவர் வாங்கியது மாஸ்பெர்க் 500, 20 போர், சிறுவர்களுக்கென்று கட்டையைக் குட்டையாக வைத்த வகை. பாதுகாப்புப் பொத்தான் உடலின் மேல்முதுகில் இருப்பதால் எந்தக் கைக் கட்டைவிரலுக்கும் எட்டும். போட்டிருக்கிறதா இல்லையா என்று தாத்தாவும் பின்னால் நின்றபடி பார்த்துக்கொள்ளலாம். "அலுமினியம்!" என்று தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். முதல் ஒரு வாரம் காலிக்கூடுகளை வைத்து, இழு, தள்ளு, விரலை எடு என்று அவளுக்குப் பாடம் நடந்தது. கீழ்க்குழாய்க்குள் ஒரு மரக்குச்சியும் போட்டார். நீர்ப்பறவை வேட்டையில் துப்பாக்கிக்குள் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே 1935 முதல் சட்டம். சட்டத்தை ஒரு மரக்குச்சியால் நிறைவேற்றுகிற நாட்டை அன்றுதான் பார்த்தேன்.

பிரான்சில் கதை வேறு. 1994இல் பாரிஸில் கடையில் எளிதாக வாங்கிய பம்ப் துப்பாக்கியோடு ஒரு இளம் ஜோடி நடத்திய கொலைகளுக்குப் பிறகு சட்டம் படிப்படியாக இறுகியது. இன்று வழவழப்புக் குழல் கொண்ட பம்ப் துப்பாக்கி சாதாரண வேட்டைக்காரர் வாங்கக்கூடிய பொருள் அல்ல. ஒரே பொறி, ஒரு தேசத்தில் பண்ணை வீட்டுக் கருவி, இன்னொரு தேசத்தில் கொள்ளைக்காரன் ஆயுதம். நம் ஊரில் வங்கி வாசலில் நிற்பது.

தரத்துக்கு மார்க் போடச் சொன்னால், வேலைப்பாட்டில் மாடல் 12க்கு முதலிடம். கணக்கோடு செய்த பொறி என்பதில் பழைய 870. உழைப்புக்கும் விலைக்கும் மாஸ்பெர்க். மழைக்கும் இடக்கைக்கும் இத்தாக்கா. ஆனால் நம்பகத்துக்கு மார்க் போடும்போது துப்பாக்கியைத் தனியாக வைத்துப் பார்க்க முடியாது. யார் கை, எந்தத் தோட்டா, யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் போடவேண்டும். தகப்பனாரின் மாடல் 12ஐ அவர் எண்ணெய் தடவித் திரும்ப மாட்டிவைத்தார். பேத்திக்கு அதைத் துடைக்கும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்தாராம்.